திறந்தும், பாதுகாப்பாகவும்

கதவு எந்தப் பக்கம் தொறக்கும்னு உள்ள போறப்பமே பாத்துக்கிடணும், வெளிய வாறப்பம் பாக்கதுக்கு... அதற்குப் பிறகு பெரியப்பா என்ன சொன்னார், நேரம் இருக்காது என்றா, கண் இருக்காது என்றா? ஒரே ஒரு சொல்தான். மூன்று நாளாகக் கிடைக்கவில்லை. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரியாக இருந்தவர், திங்கட்கிழமை காலையில் ஷெட்டு வாசலில் எல்லோரையும் நிறுத்தி வைத்துக்கொண்டு, மைக் இல்லாமலேயே மைக்கில் பேசுகிற குரலில் பேசுவார், பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பார்கள், அவர் தொண்டையைச் செருமுவதுகூட எனக்கு இப்போதும் கேட்கிறது, கடைசிச் சொல் மட்டும் இல்லை. நான்காம் மாடித் தாழ்வாரத்தில், ஆரஞ்சு நிற மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு நிற்கிறேன். மணி பத்து ஐம்பத்தெட்டு. பதினொன்றுக்குச் சங்கு ஊதும். ஒத்திகை. நான் பல்கலைக்கழகத்தின் இந்தக் கட்டடத்தில் மேல் இரண்டு மாடிக்கும் தளப் பொறுப்பாளர். எல்லோரும் இறங்கிய பிறகு அறை அறையாகப் பார்த்துவிட்டுக் கடைசி ஆளாக இறங்க வேண்டும். அது முடிந்ததும் பன்னிரண்டு மணிக்குப் பதிவாளர் அறையில் விசாரணைக் குழு. ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை பிற்பகல் இரண்டாம் மாடியில் பேட்டரி அறை தீப்பிடித்து, புகை பெரிய படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. அப்போது மூன்றாம் மாடியிலிருந்து தெற்குப் படிக்கட்டுக்குப் போகும் அவசரக் கதவு பூட்டிக் கிடந்தது. பூட்டியவர் காவலாளி மாசானம். கவனக்குறைவு என்று குழு இன்றைக்கு எழுதும். எழுதினால் அவருக்கு வேலை போகும், காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் போகும். குழுவில் ஐந்து கையெழுத்து. அதில் ஒன்று என்னுடையது. மாசானம் ஏன் பூட்டினார் என்பதோ இரண்டு பேருக்குத்தான் தெரியும், அவருக்கும் எனக்கும்.

ஊதிவிட்டார்கள். பழைய பஞ்சாலைச் சங்கு மாதிரி அடிவயிற்றிலிருந்து எழும்பி எழும்பித் தணிகிறது. பதினேழு வருடம் நான் இருந்த இங்கிலாந்து ஊரில் செவ்வாய்க்கிழமை காலை பத்துக்கு மணி அடிக்கும், சோதனை மணி, யாரும் தட்டச்சிலிருந்து தலை நிமிர மாட்டார்கள். மற்ற நேரத்தில் அடித்தால் பாதி தின்ற ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு மழையில் போய் நிற்பார்கள். அங்கேயும் நான் தளப் பொறுப்பாளர்தான். அதனால்தான் இங்கே பாடம் எடுக்க வந்த இரண்டாம் மாதமே பாதுகாப்புக் குழுவில் போட்டார்கள், வெளிநாட்டில் பார்த்தவர், ஆங்கிலத் தாளைத் தமிழில் எழுதிக் கொடுப்பார் என்று. ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறேன். மைதானத்தில் ஷாமியானா. வெள்ளை உறை போட்ட நாற்காலிகள். மாபெரும் தீத்தடுப்பு மற்றும் வெளியேற்ற ஒத்திகை என்று பேனர், மாபெரும் என்ற சொல் மட்டும் சிவப்பில். பிள்ளைகள் ஏற்கெனவே கீழே போய்விட்டார்கள், பத்தரைக்கே, தீயணைப்பு நிலைய அலுவலர் வருகிறார், வரவேற்க வரிசையில் நிற்க வேண்டும் என்று துறை துறையாக இறக்கிவிட்டார்கள். கையில் டீயோடு நின்று, காலியான கட்டடத்திலிருந்து யாரும் வெளியேறாததை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அலுவலருக்குப் பொன்னாடை, நன்றியுரை எல்லாம் உண்டு. விசாரணைக் குழுத் தலைவர் கோமதிநாயகம் சார் காலையில் ஒன்பது மணிக்கு என் அறைக்கு வந்து, வராத வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "வே தளவாய், பன்னெண்டு மணிக்கு நீரு ஒண்ணும் இலக்கியம் பேசிராதேயும். பூட்டினவன் மாசானம். சாவி அவன்ட்ட இருந்துது. சுற்றறிக்கைல பூட்டுன்னு எவனும் எழுதல. முடிஞ்சுது." அந்தச் சுற்றறிக்கையில் திறந்து வை என்றும் இல்லையே என்றேன். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "உம்ம நிரந்தர ஃபைலு பதிவாளர் மேசைல கெடக்கு. இந்த மாசக் கடைசிக்குள்ள ஒப்பம் ஆயிரும். நாப்பத்தெட்டு வயசுல இன்னொரு ஊருக்குப் போயி ஆரம்பிக்கப் போறீராக்கும்?" அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். போகும்போது என் மேசையிலிருந்த கடலை மிட்டாயில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

நானூற்று ஒன்று, காலி. நானூற்று இரண்டு, காலி, மின்விசிறி சுற்றுகிறது, அணைக்கிறேன். சட்டைப் பையில் ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன், ஆரஞ்சு மேல்சட்டைக்குள்ளே நெஞ்சுப் பக்கம் நுனி குத்துகிறது. அவசர வழிகள் பற்றிப் பதிவாளர் அனுப்பிய சுற்றறிக்கையின் முதல் வரைவு. என் கையால் எழுதியது. ஆங்கிலத்தில் வந்தது அன்லாக்டு அண்ட் சேஃப். நேரே எழுதினேன்: அவசர வழிகள் எல்லா நேரமும் திறந்தும் பாதுகாப்பாகவும் வைக்கப்பட வேண்டும். எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்தேன், எனக்கு அந்தப் பழக்கம் உண்டு, காதில் விழாத வாக்கியத்தை நான் நம்புவதில்லை. உதைத்தது. திறந்தும் பாதுகாப்பாகவும். திறந்து கிடக்கிற வீடு எப்படிப் பாதுகாப்பு? ஒன்றை ஒன்று கடிக்கிறது. பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன், அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் படித்தவன், இரண்டிலும் ஓசைக்குப் பாராட்டு வாங்கியவன், திறந்தும் என்பதை நீல மையால் ஒரே கோடாக அடித்தேன். அவசர வழிகள் எல்லா நேரமும் பாதுகாப்பாக வைக்கப்பட வேண்டும். எவ்வளவு நன்றாக இருந்தது. மறுபடி வாய்விட்டுப் படித்தேன், இரண்டு தடவை. சேஃப்டிக்கும் பாதுகாப்பு, செக்யூரிட்டிக்கும் பாதுகாப்பு, இரண்டுக்கும் நம்மிடம் ஒரு சொல், வகுப்பில் இதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசக்கூடியவன் நான். மாசானத்தை எல்லோரும் கூப்பிடுவதே செக்யூரிட்டி என்றுதான். செக்யூரிட்டி, அந்தக் கேட்டைத் திற. செக்யூரிட்டி, தண்ணி கேன் வந்திருக்கு. அந்த மனிதர் பதிவாளர் கையெழுத்துப் போட்ட தாளை எழுத்துக் கூட்டிப் படித்து, பாதுகாப்பாக என்ற இடத்தில் நின்றிருக்கிறார், உதைத்ததா, இல்லை, அவருக்கும் உதைக்கவில்லை. என் காதுக்குப் பட்டதுதான் அவர் காதுக்கும் பட்டது. பாதுகாப்பாக என்றால் பூட்டி. பீரோவைப் பாதுகாப்பாக வை. பெண்பிள்ளையைப் பாதுகாப்பாகக் கூட்டிட்டு வா. ஆபீஸில் பூட்டு கேட்டு எழுதிக் கொடுத்து, நான்கு மாடிக்கும் நான்கு பூட்டு வாங்கி, படிக்கட்டுப் பக்கமாகப் பூட்டியிருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் போட்டு. குழுவின் முன்னால் அதையும் சொன்னார். "எண்ணெ போட்டுதான் வச்சிருந்தேன்யா, துருப்பிடிக்கல." கோமதிநாயகம் சார்கூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேனா? சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதுகிறவன் போல இருந்தேன். தாளில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தேன், பிறகு பார்த்தால் எல்லாம் கதவு.

நானூற்றுப் பதினொன்று, காலி. கழிப்பறை, காலி, குழாய் சொட்டுகிறது. பெரிய படிக்கட்டு வழியாக மூன்றாம் மாடிக்கு இறங்குகிறேன். புதுப் பெயிண்ட், வெளிர் மஞ்சள், அதற்குள்ளேயிருந்து இன்னும் அந்த வாடை வருகிறது, எரிந்த ரப்பரும் ஈரமான காகிதமும் சேர்ந்த மாதிரி, ஒருவேளை எனக்கு மட்டும்தான் வருகிறதோ. தீப்பிடித்த அன்று நான் ஊரில் இல்லை, மதுரையில் ஒரு கருத்தரங்கில் மொழிபெயர்ப்பின் நுணுக்கங்கள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், இதை யாரிடமும் சொல்லிச் சிரிக்க முடியாது. இதோ, இந்தத் திருப்பத்தில்தான், முந்நூற்று ஒன்றுக்கு வெளியே. சுற்றறிக்கை ஒட்டிய அன்றைக்கு அவர் இங்கேதான் என்னை நிறுத்தினார். இல்லை, நிறுத்தவில்லை, நான் நடந்துகொண்டிருந்தேன், அவர் கூடவே நடந்தார், இடுப்பில் சாவிக்கொத்து ஒவ்வொரு அடிக்கும் சலங்கை மாதிரி. என் காதில் போன். இங்கிலாந்திலிருந்து பழைய சக ஊழியன், அங்கே நான் விட்டுவந்த புத்தகப் பெட்டிகளைப் பற்றி. "சார், ஒரு நிமிசம். பாதுகாப்பா வைக்கணும்னு போட்டிருக்கே. அப்பம் பூட்டிரணும், அப்படித்தானே?" அவர் முகம் ஞாபகம் இருக்கிறது, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார், விரலால் நோட்டீஸ் ஒட்டியிருந்த பக்கத்தைக் காட்டினார். நான் என்ன செய்தேன்? ஆமா என்றேன். ஆனால் யாருக்கு? போனில் இருந்தவனுக்கும் அந்த நேரத்தில் ஏதோ ஒன்றுக்கு ஆமாம் சொல்ல வேண்டியிருந்திருக்கும், பெட்டிகள் நனையாமல் இருக்கின்றனவா என்றோ, விலாசம் அதேதானா என்றோ, மனிதன் ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் பேசும்போது ஒரு ஆமா யாருக்கு என்று யார் சொல்ல முடியும். ஐந்து வாரமாக இந்த இடத்தில் வந்து நிற்கிறேன். போனுக்குச் சொன்ன ஆமா. அதை மாசானம் தனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கலாம். என் தலை ஆடியதா? ஆடியிருந்தாலும் போனுக்காக ஆடியிருக்கலாம். போனில் பேசும்போது தலையை ஆட்டுகிறவர்கள் எத்தனை பேர். இந்த வழக்கை நான் எனக்குள் எத்தனை முறை நடத்தினாலும் ஜெயித்துவிடுகிறேன், ஜெயித்த பிறகும் எழுந்து போக மாட்டேன் என்கிறது. குழுவிடம் மாசானம் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன், மறுத்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

முந்நூற்று நாலு வாசகசாலை, காலி என்று குறிக்கப் போகிறேன், ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். இசக்கியம்மாள். வரலாற்றுத் துறையின் ஆய்வு மாணவி, அன்றைக்குப் புகைக்குள் மாட்டியவள். மற்றவர்கள் பெரிய படிக்கட்டில் இருமிக்கொண்டே இறங்கிவிட்டார்கள், இவள் ஐந்து வருடக் களக்குறிப்பு நோட்டுகளை எடுக்கத் திரும்பி உள்ளே போனாள், அதற்குள் படிக்கட்டு முழுக்கப் புகை. தெற்குக் கதவின் சின்னக் கண்ணாடியை வலது கையால் உடைத்தாள். அந்தக் கையில் இரண்டு விரல் இப்போது மடங்குவதில்லை. குரலும் போய்விட்டது, போய்விட்டது என்றால் இருக்கிறது, தகரத்தில் மண்ணைத் தேய்க்கிற மாதிரி. "இசக்கி, கீழ போகலையாம்மா? ஒத்திகை." "தெரியும் சார். மாபெரும்னு போட்டிருக்கே." முகத்தில் சிரிப்பில்லை. மேசையில் நாலு கோடு போட்ட நோட்டு, இடது கையில் பென்சில், பெரிய பெரிய எழுத்து. "எழுதிப் பழகுதேன். ஒண்ணாங்கிளாஸ் பிள்ள எழுதுன மாதிரி வருது. எங்க அம்மா சிலேட்டு வாங்கித் தரட்டான்னு கேக்கா." நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் விசிலைப் பிடித்துக்கொண்டேன். சங்கு இன்னும் நிற்கவில்லை. அவள் சங்கு எழும்பும்போதெல்லாம் பென்சிலை நிறுத்தி, தணியும்போது எழுதினாள். "தெக்குக் கதவு தொறந்திருக்கா சார்?" "தொறந்திருக்கும்மா. பூட்டையே எடுத்தாச்சு, நாலு மாடியிலயும்." "நீங்க பாத்தீங்களா?" "காலையில அறிக்கை வந்துச்சு." அறிக்கை என்ற சொல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மேசைமேல் கொஞ்ச நேரம் கிடந்தது. "ஒரு எட்டு போயித் தள்ளிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க சார். நான் இங்கனயே இருக்கேன்."

தாழ்வாரம் நாற்பது அடி இருக்கும். நான் எண்ணிக்கொண்டே நடக்கிறேன், ஏன் எண்ணுகிறேன், கையில் இருக்கிற அறைப் பட்டியலில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது. கண்ணாடி புதிது, ஓரத்தில் அப்பிய மக்குப் பசை இன்னும் காயாமல் விரல் ரேகை பதிந்து கிடக்கிறது. தள்ளினேன். திறக்கவில்லை. ஒரு நொடிதான். புதுப் பெயிண்ட் நிலையோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, தோளைக் கொடுத்ததும் ஈரத்துணி கிழிவது மாதிரி ஒரு சத்தத்தோடு விட்டது. படிக்கட்டுப் பக்கம் போய் நின்று கதவைச் சாத்திப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் பூட்டு தொங்கிய இடத்தில் பெயிண்ட் அடிக்க மறந்துவிட்டார்கள், பழைய பச்சையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திட்டு, நடுவில் எண்ணெய்க் கறை. அவர் எண்ணெய் போட்டது. தொட்டேன், விரலில் வந்தது. வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. உள்ளே இருப்பவர் தள்ளினால் போதும், இழுக்க வேண்டியதில்லை, இதை அமைத்த யாரோ ஒருவர் யோசித்துத்தான் அமைத்திருக்கிறார். உள்ள போறப்பமே பாத்துக்கிடணும். எத்தனை தடவை இந்தக் கதவைத் தாண்டிப் போயிருக்கிறேன், பூட்டு தொங்கியதைக் கண்ணாடி வழியே கண் பார்த்துத்தானே இருக்கும், ஒரு தடவைகூடத் தலைக்குள் ஏறவில்லையே, இங்கிலாந்தில் ஒரு நாற்காலி வழியை மறித்தால்கூட மின்னஞ்சல் எழுதியவன். இங்கே பூட்டு என்பது சுவரைப் போல, இருப்பதாகவே தெரியாது. ஊருக்குத் திரும்பி வந்துவிட்டேன் என்று எனக்குள் ஏதோ சந்தோஷமாகக் கண்ணை மூடிக்கொண்டது போலிருக்கிறது. திரும்ப நடந்தேன். "தொறந்திருக்கு." "தள்ளிப் பாத்தீங்களா?" "தள்ளிப் பாத்தேன். பெயிண்ட் கொஞ்சம் ஒட்டியிருந்துது." அவள் நோட்டை மூடி, பென்சிலை முடியில் செருகிக்கொண்டு எழுந்தாள். நான் பொய் சொல்லாமல் பெயிண்டையும் சேர்த்துச் சொன்னதால்தான் எழுந்தாளோ என்னவோ.

இறங்கும்போது அவள் சுவர்ப் பக்கம், நான் கைப்பிடிப் பக்கம். இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள், நானும் நின்றேன். "மாசானம் அண்ணாச்சியை எடுத்திருவாங்களா சார்?" "குழு முடிவு பண்ணும்." "நீங்க குழுவுல இருக்கீங்கள்லா?" இருக்கேன் என்றேன். ஆறு படி இறங்கினோம். பிறகு அவளாகவே சொன்னாள், என்னைப் பார்க்காமல், படிகளுக்குச் சொல்வது போல. "எல்லாரும் அவரு பூட்டிட்டாருன்னுதான் சொல்லுதாங்க. தொறந்ததும் அவருதான். கொத்துல எத்தன சாவி இருந்துச்சோ, நான் இந்தப் பக்கம் கெடக்கேன், அந்தப் பக்கம் அவரு ஒவ்வொரு சாவியா போட்டுப் பாக்காரு. ஒண்ணு போடுவாரு, சேராது. அடுத்தது போடுவாரு. தாயி நிக்கியா, தாயி நிக்கியான்னு கேட்டுக்கிட்டே போடுதாரு. எனக்குக் கண்ணே இல்ல சார் அப்பம். முழிச்சிக்கிட்டுதான் இருக்கேன், கண்ணு இல்ல. சாவிச் சத்தம் மட்டுந்தான். அது நின்னுரக் கூடாதுன்னு இருந்துது." பாக்கதுக்குக் கண் இருக்காது. பெரியப்பா தொண்டையைச் செருமினார், சொன்னார், பெண்கள் சிரித்தார்கள். அப்படித்தான் சொல்லியிருப்பார். இல்லை, இப்போது இவள் சொன்னதால் எனக்கு அப்படிக் கேட்கிறதா, இனிமேல் தெரியவே போவதில்லை. சங்கு நின்றுவிட்டது. நின்றதும் எங்கள் செருப்புச் சத்தம் பெரிதாகக் கேட்டது, அவள் நடையைக் கொஞ்சம் வேகப்படுத்தினாள். கீழ்க் கதவைத் தள்ளித் திறந்ததும் வெயில் மொத்தமாக முகத்தில் விழுந்தது, இரண்டு பேருக்கும் கண் கூசியது.

மணி பதினொன்று இருபது. கூடுமிடம் என்று நான்தான் பெயர் வைத்தேன், வேப்பமரத்தடியில் பச்சைப் பலகை, அதற்கு முன்னால்தான் ஷாமியானாவைப் போட்டு, பலகையின்மேல் ஸ்பீக்கர் பெட்டியைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பொன்னாடை முடிந்துவிட்டது. தீயணைப்பு அலுவலர் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில் வாடிய முகத்தோடு எங்கள் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் ஒருவர்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். கோமதிநாயகம் சார் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "எங்கவே போனீரு? நாலே நிமிசத்துல கட்டடம் காலின்னு மைக்ல சொல்லியாச்சு. போட்டோவும் எடுத்தாச்சு." "இவங்க மேல இருந்தாங்க சார்." இசக்கியைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், பார்வையைப் பேனருக்கு மாற்றிக்கொண்டார். "சரி, சரி. நிழலுக்குப் போம்மா." ஒத்திகைப் படிவத்தை நீட்டினார். வெளியேற்ற நேரம்: நான்கு நிமிடம், ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. நான் வாங்கி மடக்கிக் கையில் வைத்துக்கொண்டேன். பேனா இல்லை என்றேன், சட்டைப் பையில் பேனா இருந்தது, தாளும் இருந்தது. ஷாமியானாவுக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டு ஓரம், மாசானம் நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருப்பார்கள், நாற்பது நிமிடம் முன்பே வந்துவிட்டார். காக்கி உடுப்பை ஒப்பந்தக்காரர் வாங்கிக்கொண்டுவிட்டார், வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி இல்லை, வேட்டிதான், துவைத்துத் தேய்த்தது. கையில் மஞ்சப் பை. இன்னொரு கை அடிக்கடி இடுப்புக்குப் போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தது.

போகாமல் இருந்திருக்கலாம். கால் போய்விட்டது. "வாங்க அண்ணாச்சி" என்றேன், அவர் இடத்தில் நின்றுகொண்டு நான் வாங்க என்றேன். "கும்பிடுதேன் சார். பிள்ள எறங்கிட்டாளா? தெக்குப் பக்கமாவா எறங்குனா?" "ஆமா." "நல்லது, நல்லது." இடுப்பைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "கொத்து இல்லாம நடந்தா ஒரு பக்கமா சாயுது சார். வீட்ல கேக்கா, சத்தமே இல்லாம வாரிய, பூனை மாதிரின்னு." ஸ்பீக்கரில் நன்றியுரை ஆரம்பித்தது, ஒளி ஒலி அமைத்தவருக்கு, தேநீர் கொடுத்தவருக்கு. மாசானம் ஒரு அடி பக்கத்தில் வந்தார். "சார், இன்னிக்கும் கேப்பாங்க. ஏன் பூட்டினன்னு. நோட்டீஸப் பாத்துப் பூட்டினேன்னுதான் சொல்லுவேன். உங்கள்ட்ட கேட்டேன்னு சொல்லல சார், சொல்லவும் மாட்டேன். எதுக்கு உங்களுக்குச் சங்கடம்." "நான் என்ன சொன்னேன் அண்ணாச்சி அன்னைக்கு?" "ஆமான்னு சொன்னிய. அது எனக்குச் சொன்னதா இருக்காது சார், நான் பெறவு யோசிச்சுப் பாத்தேன். போன்ல உள்ளவருக்குச் சொல்லியிருப்பிய. நீங்க இங்கிலீஸ்லல்லா பேசிக்கிட்டு இருந்திய, எனக்கு ஒரு எழுத்தும் விளங்கல. அந்த ஆமா ஒண்ணுதான் விளங்குச்சு. அதப் பிடிச்சுக்கிட்டேன் பாத்துக்கிடுங்க." சொல்லிவிட்டு என்னை ஆறுதல் படுத்துகிற மாதிரி தலையை ஆட்டினார். இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. பதினேழு வருடத்தில் அவனிடம் ஒரு தடவைகூட நான் ஆமா என்று சொன்னதில்லை. நன்றியுரையில் என் பெயரையும் சொன்னார்கள், கைதட்டினார்கள், வேப்பமரத்திலிருந்து இரண்டு காக்கைகள் எழும்பி மறுபடி அதே கிளையில் உட்கார்ந்தன. "நேரமாச்சு சார், நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாறேன், சேந்து போனா வேற மாதிரி நெனப்பாங்க" என்றார் மாசானம். மேல்சட்டையைக் கழற்றி சைக்கிள் கேரியரில் வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு, நீலக் கோடு போட்ட வரைவைக் குழுவின் மேசையில் வைத்து, வாக்கியம் என்னுடையது, பூட்டலாமா என்று காவலாளி கேட்டபோது ஆமா என்று சொன்னதும் நான்தான் என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான்கு நிமிடம் என்ற படிவத்தில் போடவில்லை.